அமுலுவின் முதுகில் இருந்த புளியங்கொட்டை

பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் "போய்யா, உனக்கு வேற வேலையில்ல" என்று சிரிக்கிற ஊர்தான் அது, ஆனால் அமுலுவின் முதுகுநோவு அவள் தைக்கிற மிஷினுக்குள் இறங்கிவிட்டது என்ற பேச்சு வந்தபோது அந்த ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, "எந்தக் கை வழியா எறங்கிச்சு, வலதா, எடதா?" என்றுதான் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? ஆற்றுக்கு அக்கரையில் ஷூ கம்பெனி, இக்கரையில் காலனி, நடுவில் வெறும் மணல். காலையில் நிமிர்ந்து மணலைத் தாண்டிப் போகிற பெண்கள் சாயங்காலம் வளைந்து திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊருக்கு, நோவு என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், வரும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அமுலு அந்தக் கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், பாதத்தை மூடுகிற தோல். சீமையில் யாரோ ஒரு துரை மழையில் கால் நனையாமல் நடக்க வேண்டும் என்பதற்காக, மகள் வினோதினி கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து, புருஷன் லாரியோடு ஆந்திரா பக்கம் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்ட பிறகும், அந்தக் கைக்குழந்தை வளர்ந்து பெரியவளாகிக் காலேஜில் சேர்ந்த பிறகும், அமுலு அதே ஸ்டூலில் குந்தி, அதே மிஷினுக்குக் கழுத்தைக் கவிழ்த்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். யாரோ நடப்பதற்கு இவள் உட்கார்ந்தே தேய்ந்தாள்.

லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். அது சூப்பர்வைசர் தனசேகரின் மேஜைப் பக்கம் ஆணியில் தொங்கும். எடுக்கப் போனால் அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், "இப்பதானம்மா போன?" என்று லைன் முழுக்கக் காதில் விழுகிற மாதிரி கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள், தண்ணீர் விட்டதால் நீர்க்கடுப்பு வந்தது, கடுப்பு வந்ததால் கம்பெனி நர்ஸம்மாவிடம் போனார்கள், நர்ஸம்மா ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தாள். பசை நெடியில் வருகிற தலைவலிக்கும் அதே மஞ்சள் மாத்திரை, கால் வீக்கத்துக்கும் அதே மஞ்சள் மாத்திரை, நெஞ்சு படபடக்கிறது என்று அழுதவளுக்கும் அதே. நல்ல மாத்திரைதான், குற்றம் சொல்லக் கூடாது, விழுங்கினால் மறுபடி போய் உட்காரலாம்.

அமுலுவுக்கு முதுகில், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு முடிச்சு. அழுத்தினால் வழுக்கி ஓடும், விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வினோ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அதற்குப் புளியங்கொட்டை என்று பேர் வைத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் அம்மா பாயில் குப்புறப் படுத்துக்கொள்ள, மகள் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டைவிரலால் அதைத் தேடுவாள்.

"எங்கம்மா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"தோ, மாட்டிகிச்சு. ஓடுது பாரு, திருட்டு நாயி."

"அங்கதான், அங்கதான். அப்பாடா! நீ நல்லா இருப்ப மவராசி."

அப்படி வாழ்த்துகிற வாயால்தான் அமுலு சொல்வாள்: "நீ படிச்சி எந்த வேலைக்கு வேணா போ, போவாம வூட்ல கெட, ஆனா மிஷின் பெடல்ல உன் காலு பட்டுச்சுன்னு வையி, காலை ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்." வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது. என் மகள் மிஷினில் குந்தாமல் கரையேற வேண்டும் என்று கெங்கையம்மனிடம் வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். அவளிடம் வேறு ஆசை எதுவும் மிச்சம் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. படைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது, கத்தியோ கடப்பாரையோ அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும், மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வருஷம் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று கம்பெனி, மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, வாயில் போட்ட பொரியை மென்று முடிப்பதற்குள் சுவிட்சைப் போடச் சொன்னது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அமுலுவுக்குப் பக்கத்து மிஷின் இந்திராணியக்கா, லைனிலேயே மூத்தவள், வாயைத் திறந்தே கேட்டுவிட்டாள்.

"படைச்ச மிஷினை ஓட்டக் கூடாது சார். ஆவாது."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பீஸை எடு" என்றான் தனசேகர்.

அமுலுவின் உள்ளங்கையில், மிஷினுக்கு வைத்தது போக மிச்சச் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது. துடைக்கத் துணி தேடியவளுக்கு முதுகு சுரீர் என்று இழுக்க, அந்தக் கையாலேயே எட்டுகிற மட்டும் பின்னால் எட்டிப் புளியங்கொட்டையை அழுத்தினாள், அழுத்திய கையை எடுத்து மிஷின் தலைமேல் வைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு இல்லை என்று சொல்கிறவளின் குரலில், "உனக்கும் இன்னிக்கு லீவு இல்ல, எனக்கும் லீவு இல்ல. ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம், இன்னா சொல்ற?" என்றாள். மிஷின் பாதி, கால் என்று கணக்குப் பார்க்கவில்லை. முழுசையும் எடுத்துக்கொண்டது.

முதலில் அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி, எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மிஷின் இடது பக்கமாக லேசாகச் சாய்ந்து, முனகிக்கொண்டே தைத்தது. அப்புறம்தான் நோவு இல்லை என்பது புரிந்தது. அன்று சாயங்காலம் வினோவின் கட்டைவிரல் முதுகு முழுக்க அலைந்தது.

"அம்மா, புளியங்கொட்டையைக் காணோம்."

"மிஷினுகிட்ட குடுத்துட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்டி."

"திருப்பிக் கேக்குமா?"

"இரும்பு எதுக்குடி கேக்கப் போவுது?"

அமுலு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அம்மா மல்லாந்து படுத்து வினோ பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் இரண்டு பக்கம் விழுந்து, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பிள்ளை மாதிரி கிடந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே வினோ நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பூஜைத் தட்டில் மிஞ்சிய சந்தனத்தை இந்திராணி ஒரு ஈரத்துணியில் முடிந்து எடுத்து வைத்திருந்தாள், சாமி பொருளைக் குப்பையில் போடக் கூடாதே என்று. கடைச் சந்தனம் வேலைக்காகவில்லை, அரைத்துப் பார்த்தார்கள். அந்த அவமதிப்பு நடந்த அன்றைக்குப் படைத்த சந்தனம்தான் பலித்தது. அமுலு சொல்லக் கேட்டு வந்த பெண்களுக்கு இந்திராணி அதைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். நெற்றியில் தடவி மிஷினில் வைத்தவளின் தலைவலி போனது, மிஷின் வெளிச்சம் பட்டால் நடுங்கியது. அடிவயிற்றில் தடவி வைத்தவளின் மாசாந்திர நோவு போனது, மிஷின் சுருண்டு சுருண்டு தைத்தது. சாந்தகுமாரி, புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று வாங்கி வந்த இருமலை, அவன் நெஞ்சில் சந்தனம் பூசி வழித்து, வெற்றிலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இறக்கினாள். அதிலிருந்து அவள் மிஷின் நாலு தையலுக்கு ஒரு தரம் நின்று இருமிவிட்டுத்தான் மேலே போகும். சீக்கிரமே இதற்கும் முறை, வரைமுறை எல்லாம் வந்துவிட்டது. அடுத்தவள் மிஷினில் இறக்கக் கூடாது. மாமியார் நோவை இறக்கலாம், மாமியார்மேல் இருக்கிற எரிச்சலை இறக்கக் கூடாது. மனசு நோவை இறக்கவே கூடாது, ஒருத்தி இறக்கப் பார்த்து ஊசி மூன்றாக உடைந்தது. மேலே வைத்த சந்தனப் பொட்டை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது, அதுதான் பூட்டு.

அந்தக் கொஞ்ச நாள் காலனி எப்படி இருந்தது என்கிறீர்கள்! பெண்கள் சாயங்காலமும் நிமிர்ந்தே மணலைத் தாண்டினார்கள். தண்ணீர் குடித்தார்கள். பேருந்து நிலையத்து மெடிக்கல் ஷாப்காரர், "ஊர்ல எல்லாரும் செத்துகித்துப் போய்ட்டாங்களா, ஒரு மாத்திரை போவ மாட்டேங்குது" என்று தெருவில் நின்று புலம்பினார். சண்டையில் ஓங்கிய கையைப் பிடித்து முறுக்குகிற தெம்பு பெண்டாட்டிகளுக்கு வந்துவிட்டதால் குடிகாரப் புருஷர்கள் நேரத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள்.

மிஷின்கள் படுத்தன. தொட்டால் சுட்டது, காய்ச்சல். மேனேஜர் ஓடி வந்தார். மெக்கானிக் பயாஸ் பாய் அமுலுவின் மிஷின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதுக்கு முதுகு நோவுது."

மேனேஜர் கண்ணை உருட்டவில்லை, கோபப்படவில்லை. "எத்தனை நாள் ரெஸ்ட் குடுக்கணும்?" என்று கேட்டார்.

லைனில் தையல் சத்தம் நின்றது. அந்தக் கூரைக்குக் கீழே அந்த வார்த்தையை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. மிஷின்களைத் தூக்கிப் போய் ஆபீஸ் ரூம் பக்கத்தில் ஏசி போட்ட அறையில் வைத்தார்கள், வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பெண்கள் தலைக்குமேல் சுற்றிய ஃபேன்களைக் கழற்றி மிச்ச மிஷின்களுக்குத் திருப்பினார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் கால் மணி நேரம் நிறுத்து, பக்கத்தில் சத்தமாகப் பேசாதே, அதிரும் என்று போர்டு எழுதி மாட்டினார்கள். மிஷின் ஓய்வெடுக்கிற நேரத்தில் பெண்கள் நின்றுகொண்டு தரை கூட்டினார்கள்.

"அடுத்த பொறப்புன்னு ஒண்ணு இருந்தா, இந்தக் கம்பெனியில மிஷினா பொறக்கணும்டி" என்றாள் இந்திராணி. எல்லோரும் சிரித்தார்கள். அமுலுவுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, வயிறு எரிந்தது. இந்த இரும்புக்கு ஒரே நாளில் கிடைத்தது எனக்கு ஏன் ஒரு காலத்திலும் கிடைக்கவில்லை என்று தோன்றியது, அந்தக் கேள்வியை எந்தச் சந்தனத்திலும் வழித்து எடுக்க முடியாதே.

பூட்டைத் திறந்தவர் பயாஸ் பாய்தான், பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. சர்வீஸ் செய்கிறேன் என்று ஒரு மிஷினைக் கறை எடுக்கிற தின்னரில் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்தார், பொட்டும் சேர்ந்து போனது, ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து பெடலை மிதித்தார். மிதித்த மாத்திரத்தில் மிஷின் வெண்ணெயாக ஓடியது, பயாஸ் பாய் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். "யா அல்லா, இது இன்னா வலி! இடுப்பு கழண்டு போவுதே! இதை வச்சிகினா இவங்க ஒக்காந்து தைக்கிறாங்கோ?" அது சின்னப் பெண் ஒருத்தியின் மாசாந்திர நோவு, அவள் அதோடு எத்தனையோ டார்கெட் முடித்திருக்கிறாள். பயாஸ் பாயை மேனேஜர் தன் சொந்தக் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார், சம்பளத்தோடு மூன்று நாள் லீவு, போகிற வழியில் குடிக்க இளநீர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரித்துச் சிரித்து அந்தச் சின்னப் பெண் மட்டும் அழுதுவிட்டாள்.

லீவு முடிந்து வந்த பயாஸ் பாய் நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, "இனிமே பொட்டைத் துடைக்கிற வேலை என்னால ஆவாது சார்" என்று துணியைக் கீழே வைத்தார். கம்பெனி யாரையும் திட்டவில்லை. திட்டுகிறவனிடம் ஈரம் இருக்கும், இவர்களிடம் அது இல்லை. கேட்டில் வாட்ச்மேன் பெண்களின் உள்ளங்கையை மோந்து பார்த்து உள்ளே விட்டான். இந்திராணியின் ஈரத்துணியைப் பிடுங்கி, பசை கழுவுகிற தண்ணீரில் அலசிக் கொட்டினார்கள். எதுவும் ஒட்டாத, வழவழவென்ற புது மிஷின்கள் வந்து இறங்கின, சந்தனம் வைத்தால் கண்ணாடியில் வைத்த தண்ணீர் மாதிரி வழிந்து ஓடியது. புது மிஷினுக்குப் பாதி ஆள் போதும் என்றார்கள். மீதிப் பாதிக்கு, அமுலு, இந்திராணி, சாந்தகுமாரி எல்லோரும் அதில் அடக்கம், கம்பெனி பெரிய மனசு பண்ணிப் பழைய மிஷின்களை இலவசமாகவே கொடுத்துவிடுவது என்று முடிவானது.

தை மாதம் காலனி பள்ளிக்கூடத்து மைதானத்தில் விழா. பந்தல், மைக்செட், "மகளிர் இனி முதலாளி" என்று பேனர். மேனேஜர் பேசினார்: இனிமேல் நீங்கள் மணலைத் தாண்டி வர வேண்டாம், வேலையே டெம்போவில் உங்கள் வாசலுக்கு வரும், உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், உங்களுக்கு நீங்களே சூப்பர்வைசர். கை தட்டினார்கள். மேடையில் மிஷின்கள் வரிசையாகப் பளபளத்தன. போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று, ரப்பர் கையுறை போட்ட வெளியூர் ஆட்களை வைத்துத் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். ஒரு மிஷினிலும் பொட்டு இல்லை.

அது என்ன அர்த்தம் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதலில் பெடல் மிதிக்கிற ஆளுக்கு உள்ளே இருப்பது இறங்கும். தெரிந்தும் யார் வேண்டாம் என்பார்கள்? வேலை போய்விட்டது, அடுப்பு இருக்கிறதே. பந்தலுக்குப் பின்னால் மாட்டுச்சந்தை மாதிரி ஒரு பேரம் நடந்தது. "இது யாருது, தலைநோவா? எனக்குக் குடு, நான் இடுப்பு நோவைத் தரேன்." "இருமல் மட்டும் வேணாம்டி, வூட்ல கொயந்தைங்க கீது." வாங்கிய மிஷினை அப்படியே தூரத்துச் சொந்தக்காரர் தலையில் கட்டியவர்களும் உண்டு, அவர்கள் வீட்டுப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. இந்திராணி தன் மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோய், போதையில் இருந்த புருஷனைப் பிடித்து உட்கார வைத்துப் பெடலை மிதிக்க வைத்தாள். அவள் பல வருஷத்துத் தலைநோவு அவனுக்கு இறங்கிவிட்டது, அவன் இன்றைக்கு வரைக்கும் அதைச் சரக்கு சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அமுலு மட்டும் பேரம் பேசவில்லை. வரிசையில் ஒவ்வொரு மிஷினாகக் குனிந்து பார்த்து, பக்கவாட்டில் அவள் அவ்வப்போது ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் தடம் தின்னருக்கும் போகாமல் வட்டம் வட்டமாகத் தெரிந்த மிஷினைக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றாள்.

"இருக்கறதுலயே சள்ளை புடிச்ச மிஷினு அது. முதுகு நோவு. வேற எடுத்துக்கடி" என்றாள் இந்திராணி.

"என்னுதுக்கா இது. நான் பெத்த நோவு. இன்னொருத்தி வூட்டுக்குப் போயி அவளை ஏன் கடிக்கணும்? நானே வாங்கிக்கிறேன்."

நியாயமான பேச்சு. அந்த மைதானத்தில் அன்றைக்கு நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின் வீட்டுக்கு வந்தது. ஒற்றை அறையில் அரிசி டிரம்முக்கும் வினோவின் புத்தக அலமாரிக்கும் நடுவே அதை வைத்து, பழைய புடவையால் மூடி, "இதுங்கிட்ட நீ வராத. நான்தான் முதல்ல குந்துவேன்" என்று மகளிடம் மூன்று தரம் சொல்லிக் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வினோ தலையாட்டினாள்.

உட்கார வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் காலையில் உட்காரலாம் என்று எழுந்தாள். எழுந்தபோது உடம்பு பூ மாதிரி இருந்தது. குனிந்து கோலம் போட்டாள், நோகவில்லை. குடம் தூக்கினாள், நோகவில்லை. கை இரண்டையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள், அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்த ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தாள். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, புது வேலை தொடங்கக் கூடாது. அப்புறம் அமாவாசை. அப்புறம் கிருத்திகை. அதற்கப்புறம் பஞ்சாங்கத்தில் எதுவும் இல்லை, அவளாகவே ஏதோ ஒன்றைச் சொன்னாள். டெம்போவில் பண்டல்கள் வந்து வாசலில் அடுக்கடுக்காக ஏறின, டெம்போக்காரன் "இன்னாம்மா, ஒண்ணு கூடத் தொடல? வேற ஆளு பாக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு சாயங்காலமும் அமுலு மகளிடம், "நாளைக்கு குந்திடுவேன்டி, நாளைக்கு" என்பாள். ஒவ்வொரு நாளும் மல்லாந்து தூங்கினாள். அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் ஒரு தரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கே வெட்கமாகப் போனது. டெம்போக்காரன் வேறு ஆள் பார்த்துவிட்டால் வினோவின் படிப்பு நின்றுவிடும், படிப்பு நின்றால் அவளும் ஒரு நாள் மிஷினுக்குத்தான் வர வேண்டும். இன்றைக்கு வேறு பேச்சே இல்லை என்று தலைக்குக் குளித்து, கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டு, "தாயே, திருப்பி வாங்கிக்கிறேன், தாங்குற தெம்பைக் குடு" என்று விழுந்து கும்பிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு தெருமுனை திரும்பினாள். அப்போது தையல் சத்தம் கேட்டது. அவள் வீட்டிலிருந்துதான். மிஷின் முனகவில்லை, திணறவில்லை. மழை ஓட்டில் பெய்வது மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அமுலு தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வினோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பழைய புடவை மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தாள், எடுக்கும்போதே இடது தோள் லேசாகக் கீழே இறங்கி, முகம் சுளித்தது.

அமுலு அவளை அறைந்தாள். அறைந்த கையாலேயே இழுத்து மார்போடு கட்டிக்கொண்டு, "ஏண்டி? ஏண்டி பாவி இப்படிப் பண்ண? சத்தியம் பண்ணியேடி!" என்று கத்தினாள்.

"நீ மல்லாந்து தூங்குறம்மா" என்றாள் வினோ. "அதைப் பாத்துட்டு, மறுபடியும் குப்புறப் படுன்னு உன்னை எப்பிடிச் சொல்றது?"

"நான் வாங்கிக்கறதா இருந்தேன்டி. மெய்யாலுமே இன்னிக்கு வாங்கிக்கறதா இருந்தேன். இப்பதான் அம்மன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"தெரியும்மா. தினமும் சொன்னியே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அந்தப் பெண். குத்திக்காட்டியிருந்தால்கூட அமுலு தாங்கியிருப்பாள்.

அவள் என்னதான் செய்து பார்க்கவில்லை? கோயில் சந்தனம் வாங்கி மகள் முதுகில் தடவி மிஷினில் வைத்தாள். இந்திராணி வீட்டுக்கு ஓடி, அந்தச் சந்தனம் முடிந்திருந்த ஈரத்துணி எங்கேயாவது ஒரு கிழிசலாவது இருக்கிறதா என்று கொடியெல்லாம் தேடினாள். தானே உட்கார்ந்து இராப்பகலாகப் பெடலை மிதித்தாள், பண்டல் பண்டலாகத் தைத்து முடித்தாள், முதுகு லேசாகக்கூட நோகவில்லை. அவளுக்குரியதை வேறொருத்தி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகு அவளுக்குத் தர அங்கே ஒன்றும் இல்லை. படைத்த மிஷினைக் கம்பெனி மறுபடி ஓட்டச் சொன்னால்தான் சந்தனம் பலிக்கும், அடுத்த ஆயுத பூஜை வரட்டும் என்று காத்திருந்தாள். அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்பெனி முதல் முறையாக எல்லோருக்கும் லீவு விட்டது. படைத்த மிஷினை ஓட்டக் கூடாது, சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கேட்டில் எழுதிப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலங்களில் இப்போது மகள் குப்புறப் படுக்கிறாள், அம்மா பக்கத்தில் மண்டியிடுகிறாள். அத்தனை வருஷம் முதுகில் சுமந்த புளியங்கொட்டையை அமுலு அதுவரை விரலால் சரியாகத் தொட்டதில்லை. இவ்வளவு சின்னதா இது என்று இருந்தது அவளுக்கு. கட்டைவிரலுக்குக் கீழே அது வழுக்கி வழுக்கி ஓடியது, அதை முன்பின் தெரியாத மாதிரி.

"எங்கடி?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள் வினோ.

காலனியில் எல்லோரும் பழையபடி வளைந்துவிட்டார்கள். வீட்டில் வைத்துத் தைக்கிற மிஷினுக்கு நேரம் காலம் ஏது? டோக்கன் இல்லை, மஞ்சள் மாத்திரைகூட இல்லை, மெடிக்கல் ஷாப்காரர் பழையபடி சிரித்த முகமாக இருக்கிறார். ஊரிலேயே நேராக நிமிர்ந்து நடக்கிற பெண் அமுலு ஒருத்திதான். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து போகும்போது பேச்சு மட்டும் கொஞ்சம் நிற்கும். ஒரு நாள் இந்திராணி, "உனக்கு இன்னாடி, ராணி மாதிரி நடக்கற" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அமுலு தெருவில் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தாள். பழகிய உடம்புதானே, மறக்கவில்லை. இடது தோளைக் கீழே விட்டு, கழுத்தை முன்னால் நீட்டி, காலைக் கொஞ்சம் இழுத்து, பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிற மாதிரி நடந்தாள். ஒரு நாள் காலையில் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. தைத்து முடித்த பண்டலைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அப்படி வளைந்து வாசல் இறங்கியபோது, காலேஜுக்குக் கிளம்பி நின்ற வினோ, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்துத் தோள்பட்டைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்று கூப்பிட்டாள்.

"அம்மா, நேரா நட."